நிகழ்வு ஆய்வு: ஒரு மீன் வியாபாரியின் ஈறு சிகிச்சை ஏழு வாரம் நின்றுபோனது ஏன்?

நோயாளியின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பல் மருத்துவர்களும், பல் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர்களும், வீட்டில் பெரியவர்களை அழைத்துச் செல்கிறவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பின்னணி

எங்கள் கிளினிக் சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறது. இரண்டு நாற்காலிகள். பல் மருத்துவராக நான், ஒரு டென்டல் ஹைஜீனிஸ்ட், வரவேற்பில் ஒருவர். இந்த அளவுள்ள கிளினிக்குகளில் பெரும்பாலும் மருத்துவரே பல் சுத்தத்தையும் செய்துவிடுவார். அதனால் ஹைஜீனிஸ்ட் என்ற சொல்லே இங்கு வருகிறவர்களுக்குப் புதிது. எங்கள் ஹைஜீனிஸ்ட்டை எல்லோரும் "நர்ஸம்மா" என்றுதான் அழைப்பார்கள்.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் ஹைஜீனிஸ்ட்டின் பணியைத் தனியாக வரையறுத்தது. பல்லில் படிந்ததைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, வாய்ச் சுகாதாரத்தைக் கற்றுக்கொடுப்பது ஆகியவை அதில் வருகின்றன. பல் மருத்துவரைத் தவிர, இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு முடித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களே இதைச் செய்யலாம். நோயை நிர்ணயிப்பது, மரப்பு ஊசி போடுவது, மருந்து எழுதுவது ஆகியவை மருத்துவரின் பொறுப்பு. சட்டத்தில் கடைசியாக வருகிற அந்தக் கற்றுக்கொடுத்தல் என்ற வேலையில்தான் இந்த நிகழ்வில் நாங்கள் தவறினோம். அதில் என் பங்கே பெரிது.

நோயாளி 56 வயதுப் பெண்மணி. காசிமேடு துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருவோரம் விற்பவர். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போவார், பகல் ஒரு மணிவரை வியாபாரம், இரவு எட்டு மணிக்குத் தூக்கம். நான்கு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் இல்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் ஒரு துளி புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது.

முதல் வருகை: மே மாதம் இரண்டாவது வாரம்

அவர் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகளில் வரும் மீனை வைத்துக் கொஞ்சம் வியாபாரம் நடக்கும், அவ்வளவுதான். உடம்பைக் கவனிப்பது, கல்யாணப் பேச்சு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். இந்தக் கணக்கை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

முன்பல் ஈறு பல்லின் மேல் ஏறி வளர்ந்திருக்கிறது, துப்பினால் இரத்தம் வருகிறது, வாய் நாற்றத்தால் பேரப்பிள்ளை கிட்டே வருவதில்லை. இவைதான் அவர் சொன்ன தொல்லைகள். மருந்துக்கடையில் மூன்று முறை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். எங்களிடமும் "நல்ல மாத்திரையாக எழுதிக் கொடுங்கள்" என்றுதான் கேட்டார்.

ஹைஜீனிஸ்ட் கண்டவை

பல் சுத்தம் என்றதும் இயந்திரத்தை வாயில் வைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். முறையான ஹைஜீனிஸ்ட் முதல் அரை மணி நேரம் இயந்திரத்தைத் தொடவே மாட்டார். அன்று எங்கள் ஹைஜீனிஸ்ட் முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார், 150/94 இருந்தது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் உண்டா, வேறு நோய் உண்டா என்று கேட்டார். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பக்கம், அண்ணம் எல்லாவற்றையும் பார்த்தார். புகையிலை அடக்கும் வலது கன்னத்தில் வெண்திட்டு இல்லை, வாயும் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்தது. நானும் பார்த்து உறுதி செய்தேன்.

அடுத்தது அளவெடுப்பு. மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். ஆரோக்கியமான ஈறில் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும், கம்பி பட்டால் இரத்தம் வராது. இவருக்கு இருந்தவை 24 பற்கள், அதாவது 144 இடங்கள். 98 இடங்களில் இரத்தம் கசிந்தது. 61 இடங்களில் ஆழம் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். கீழ் முன்பற்களின் அருகே 7 வரை போனது. அங்கே நடுப்பற்கள் இரண்டும் இலேசாக ஆடின. எக்ஸ்ரேயில் அந்த இடத்தில் எலும்பு வேரின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரைந்திருந்தது. வலது மேல் கடைவாய்ப்பல் ஒன்று காப்பாற்றும் நிலையைத் தாண்டியிருந்தது.

கீழ் முன்பற்களின் உட்புறம் காரை கெட்டியாகப் படிந்து, பல்லுக்குப் பல் பாலம் போட்டதுபோல் ஒட்டிக்கிடந்தது. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியம், தேய்க்காமல் விட்ட படலத்தை இறுக வைத்துவிடும். இறுகியபின் பிரஷ், வேப்பங்குச்சி, உப்பு எதற்கும் அது அசையாது.

எங்கள் ஹைஜீனிஸ்ட்டைப் பாராட்ட வேண்டிய இடம் இனி வருகிறது. வீக்கத்தின் தோற்றம் அவருக்குச் சந்தேகம் தந்தது. பற்களுக்கு இடையே ஈறு உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. "அம்மா, நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் அட்டையைக் காட்டுங்கள்" என்றார். சுருக்குப்பையிலிருந்து வந்த அட்டையில் அம்லோடிபின் 10 மில்லிகிராம் என்றிருந்தது. முன்பு 5 சாப்பிட்டு வந்தவருக்குப் போன தீபாவளி சமயத்தில்தான் 10 ஆக்கியிருக்கிறார்கள். ஈறு வளர்வதைப் பொங்கலுக்கு மருமகள் கவனித்துச் சொன்னாராம்.

அம்லோடிபின் நல்ல மருந்து, எத்தனையோ பேரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு மட்டும் ஈறு பெருக்கும். அதிலும் ஈறோரத்தில் அழுக்குப் படலம் தங்கியிருக்கும் வாயில்தான் அதிகமாகப் பெருக்கும். ஆகவே மருந்து, படலம் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வளர்ந்த ஈறை உடனே வெட்டி எடுக்கலாமா என்ற கேள்வி வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணங்கள் அப்படியே இருக்கும்போது வெட்டினால் மீண்டும் வளரும். முதலில் ஹைஜீனிஸ்ட் வாய் முழுவதும் ஸ்கேலிங் (இயந்திரத்தால் காரையைப் பெயர்த்து எடுப்பது) செய்வது, இரண்டு வாரம் கழித்து ஆழமான இடங்களில் நான் மரப்பு ஊசி போட்டு வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வது, ஆறு வாரம் கழித்து மீண்டும் 144 இடங்களையும் அளப்பது என்று திட்டமிட்டோம். ஆன்டிபயாடிக் மாத்திரை தரவில்லை. காரை இருக்கும்வரை மாத்திரையால் நிலையான பயன் கிடைக்காது.

மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேட்டு, அவர் பார்க்கும் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொடுக்கும்போது நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: "இந்த வீக்கத்துக்கு உங்கள் பிரஷர் மாத்திரையும் ஒரு காரணம். இந்தக் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்."

அடுத்த நோயாளி காத்திருந்தார். பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

முதல் அமர்வும் அதற்குப் பின்னும்

மே மூன்றாவது வாரம் ஸ்கேலிங் நடந்தது. நாற்பத்தைந்து நிமிடம். காரை பெயர்ந்து வந்தது, எதிர்பார்த்த அளவில் இரத்தம் கசிந்தது, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினோம். ஜூன் முதல் வாரத்தில், காலை பத்தரை மணிக்கு அடுத்த அமர்வு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தோம்.

அவர் வரவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தோம், எடுக்கவில்லை. ஜூன் 14 முடிந்தது, படகுகள் கடலுக்குப் போயின. அதன்பின் அவர் பெயர் எங்கள் பதிவேட்டில் "வரவில்லை" என்ற குறிப்போடு நின்றது. இப்படி நிற்கும் பெயர்கள் எல்லாக் கிளினிக்கிலும் உண்டு. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை இரண்டாவது வாரம், எங்கள் ஹைஜீனிஸ்ட் காசிமேட்டுப் பக்கம் மீன் வாங்கப் போனபோது அவரைப் பார்த்துவிட்டார். சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "பாப்பா, ஆடாத பல்லை ஆட வைத்து அனுப்பிவிட்டாயே" என்றாராம். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது என்று ஹைஜீனிஸ்ட் என்னிடம் சொன்னார். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, அருகில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டு வந்தார். அந்த அரை மணி நேரத்தில் தெரிந்தவை:

ஸ்கேலிங் முடிந்த அன்று இரவே கீழ் முன்பற்கள் ஆடுவதை நாக்கால் உணர்ந்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் பற்களுக்கு இடையே முன்பு இல்லாத சந்து. மறுநாள் தண்ணீர் குடித்ததும் சுரீரென்று கூச்சம். விலை கூவும்போது சந்து வழியாகக் காற்று போவதாகத் தோன்றியிருக்கிறது. குப்பத்தில் நான்கு பேர் "மிஷின் வைத்தால் பல் ஆடிவிடும் என்று அப்போதே சொன்னோமே" என்றிருக்கிறார்கள். அடுத்த அமர்வுக்குக் கொடுத்த பத்தரை மணியோ அவருக்கு வியாபாரத்தின் உச்ச நேரம். தடைக்காலத்திலும் ஃபைபர் படகு மீன் விற்கும் நேரம் அதுதான்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. என் கடிதம் மடித்தபடியே சுருக்குப்பையில் இருந்தது. வீக்கத்துக்கு மாத்திரைதான் காரணம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று எண்ணி, மூன்று வாரமாக இரத்த அழுத்த மாத்திரையையே நிறுத்தியிருந்தார்.

மீண்டும் கிளினிக்கில்

அன்று மாலையே ஹைஜீனிஸ்ட் அவரை அழைத்து வந்தார். இரத்த அழுத்தம் 178/106. இரண்டு நாளாகத் தலைவலி இருந்ததாகச் சொன்னார். பல்லைத் தொடவில்லை. வரவேற்பில் இருப்பவரைத் துணைக்கு அனுப்பி, அன்றே அவருடைய மருத்துவரிடம் சேர்த்தோம். இந்த முறை நானே தொலைபேசியில் மருத்துவரிடம் பேசினேன். அவர் பரிசோதித்துவிட்டு, அம்லோடிபினுக்குப் பதிலாக வேறு வகை மருந்தான டெல்மிசார்டன் எழுதினார். பன்னிரண்டு நாள் கழித்து எங்களிடம் வந்தபோது அழுத்தம் 142/88 ஆகியிருந்தது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு பக்கவாதம் வந்திருந்தால், அதற்கு என் அரைகுறைப் பேச்சுதான் வழிவிட்டிருக்கும். "டாக்டர் மாற்றித் தரும்வரை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது" என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

பிறகு ஹைஜீனிஸ்ட் அவர் கையில் முகக்கண்ணாடியைக் கொடுத்து, முதல் நாளே செய்திருக்க வேண்டிய விளக்கத்தைச் செய்தார். பல் ஆடியது இயந்திரத்தால் அன்று. எலும்பு முன்பே கரைந்திருந்தது, காரை சிமென்ட் போலப் பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. காரை போனதும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிந்தது. சந்தும் அப்படித்தான், காரையும் வீங்கிய ஈறும் அடைத்திருந்த இடம் அது. வீக்கம் வடிந்தபோது வேரின் மேல்பகுதி வெளியே வந்ததால்தான் கூச்சம். அது சில நாளிலிருந்து சில வாரங்களுக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பின் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

அவர் நீண்ட நேரம் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இதை அன்றைக்கே காட்டியிருந்தால் நான் ஏன் வராமல் இருக்கப்போகிறேன், பாப்பா?" என்றார்.

மாற்றிய திட்டம்

அமர்வுகளைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினோம். ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலுமாக மூன்று அமர்வுகளில் வாயைப் பகுதி பகுதியாக, தேவையான இடங்களில் மரப்பு ஊசியுடன் சுத்தம் செய்தோம். காப்பாற்ற முடியாத கடைவாய்ப்பல்லை எடுத்தேன்.

பல் துலக்குவதில் ஹைஜீனிஸ்ட் எடுத்த முடிவு எனக்கு முதலில் உடன்பாடாக இல்லை. நோயாளி விரலில் பல்பொடி தொட்டுத் தேய்க்கும் பழக்கம் உள்ளவர். பொடி கரடுமுரடானது, பல்லின் கழுத்துப் பகுதியைத் தேய்த்துவிடும். உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றேன். ஹைஜீனிஸ்ட் மறுத்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு, அரைத்தூக்கத்தில், நாற்பது ஆண்டுப் பழக்கத்தை அவர் மாற்ற மாட்டார் என்றார். காலையை அப்படியே விட்டுவிட்டு, இரவு படுக்கும் முன் மட்டும் மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பற்பசை, இரண்டு நிமிடம் என்று ஒன்றே ஒன்றைக் கேட்டார். பிரஷ்ஷைச் சாய்த்து, அதன் இழைகள் ஈறோரத்தில் படும்படி சிறுசிறு அசைவாகத் தேய்ப்பதைத் தன் கையை அவர் கைமேல் வைத்துப் பழக்கினார். மூன்று வாரம் கழித்து, கீழ் முன்பற்களின் சந்துக்குச் சிறிய பல்லிடைப் பிரஷ்ஷைச் சேர்த்தார். அதில் சிக்கிவந்ததை மோந்து பார்க்கச் சொன்னார். வாய் நாற்றம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. செப்டம்பரில் அவராகவே காலையிலும் பிரஷ்ஷுக்கு மாறிவிட்டார். ஹைஜீனிஸ்ட் சொன்னதுதான் சரி.

புகையிலை பற்றி ஒவ்வொரு முறையும் கேட்டோம், திட்டவில்லை. புகையிலையோடு பாக்கும் வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்பதைச் சொன்னோம்.

விளைவு

அக்டோபரில், கடைசி அமர்வு முடிந்து ஆறு வாரத்துக்குப் பின் அளந்தோம். மிஞ்சிய 23 பற்களில் 138 இடங்கள். இரத்தக் கசிவு 29 இடங்களில். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் 19 இடங்களில். பொங்கலுக்குப் பிறகு அளந்தபோது இவை 20, 13 எனக் குறைந்தன. ஈறு வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. கீழ்ப்பல் ஒன்றின் அருகே மட்டும் சிறிய திரட்சி நிற்கிறது. அதை வெட்டி எடுக்கலாம் என்றேன், தொந்தரவு இல்லாததால் வேண்டாம் என்றார். ஒப்புக்கொண்டேன். முன்பற்களின் ஆட்டம் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. கரைந்த எலும்பு திரும்ப வளரவில்லை. சந்து அப்படியே இருக்கிறது, பனிக்கட்டி போட்ட மோர் குடித்தால் ஓரிடத்தில் கூச்சமும் இருக்கிறது. புகையிலையை விட்டுவிட்டார். வெற்றிலை பாக்கை விடவில்லை. அதனால் கன்னத்தையும் நாக்கையும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்கிறோம்.

பேரப்பிள்ளை இப்போது மடியில் வந்து உட்காருகிறான் என்று அவர் சொன்னதையும் ஹைஜீனிஸ்ட் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்களுக்கு இணையான குறிப்பு அது என்று நினைக்கிறேன்.

கிளினிக்கில் நாங்கள் மாற்றியவை

ஸ்கேலிங்குக்கு முன் பத்து நிமிடம் பேசுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். இயந்திரம் அதிரும், தண்ணீர் பீச்சும், இரைச்சல் இருக்கும், கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவோம் என்று ஹைஜீனிஸ்ட் சொல்கிறார். வீங்கிய ஈறில் இரத்தம் வரும், ஓரிரு நாளில் நின்றுவிடும், நிற்காமல் வந்தால் அன்றே வர வேண்டும் என்கிறார். காரை பாலமாக நிற்கும் வாயென்றால், சந்து தெரியும், கூசும், ஆட்டம் புலப்படலாம் என்பதையும் கண்ணாடியில் காட்டிச் சொல்லி, அவர்களையே திருப்பிச் சொல்ல வைக்கிறார். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று இப்போது நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

மாத்திரை பற்றி எது பேசினாலும், நிறுத்தக் கூடாது என்பதைத்தான் முதல் வாக்கியமாகச் சொல்கிறேன். கடிதத்தை நோயாளியின் பையோடு விட்டுவிடாமல், மருத்துவரிடம் தொலைபேசியிலும் பேசிவிடுகிறேன்.

முதல் அமர்வு முடிந்த மறுநாள் மாலை ஹைஜீனிஸ்ட் தொலைபேசியில் அழைத்து, கூச்சம் எப்படி, சந்து தெரிகிறதா என்று கேட்கிறார். துறைமுகம் சார்ந்த தொழில் செய்கிறவர்களுக்குக் காலை நேரம் தருவதில்லை. "வரவில்லை" என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதை நிரப்பாமல் பக்கத்தை மூடுவதில்லை. சில கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன, தொலைபேசி எண் மாறியவர்கள், வீடு மாறியவர்கள். இவரை மீன் சந்தையில் பார்க்க நேர்ந்தது தற்செயல். மற்றவர்களை எப்படித் தேடுவது என்பதற்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை.

இந்த நோயாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். அடுத்த முறைக்கு அவரே நாள் குறித்தார். ஏப்ரல் 16, தடைக்காலத்தின் இரண்டாம் நாள். குப்பத்திலிருந்து இன்னும் இரண்டு பேரை அழைத்து வருவதாகவும், அவர்களுக்கு எக்ஸ்ரேயை முதலிலேயே காட்டிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.